பச்சை மின்னும் கணம்

மரோடர் எதிரே வந்து நின்றதும் ஆட்டத்தின் போக்கே மாறிவிடும். அதுவரை கூட்டம் கூட்டமாக வந்த பேய்களைச் சுட்டும் அறுத்தும் எரித்தும் முன்னேறிய ஆட்டக்காரர், தன் துப்பாக்கி பலிக்காமல் போவதை முதல் தடவையாகப் பார்க்கிறார். சுட்டால் ஒளிக்கேடயம் குறுக்கே வருகிறது. கேடயத்தின் மேல் குண்டு பட்டால் ஆவி உருவில் ஒரு ஓநாய் பாய்ந்து வருகிறது. கிட்டே போனால் துப்பாக்கியால் சுடுகிறான். எட்டி நின்றால் கோடரியை வீசித் தீக்கீற்றுகளை ஏவுகிறான். கிட்டேயும் போகாமல், எட்டவும் விலகாமல் நடுத்தரமான தூரத்தில் நின்றால்தான் கோடரியை ஓங்கிக்கொண்டு ஓடி வருவான். அப்போது அவன் கண்கள் பச்சையாக மின்னும். சுட வேண்டியது அந்தக் கணத்தில்தான். முந்தினால் கேடயம், பிந்தினால் கோடரி.

‘டூம் எடர்னல்’ 2020 மார்ச் 20 அன்று வெளியானது. அதை விளையாடியவர்களை இரண்டு அணியாகப் பிரித்தது இந்த ஒரு எதிரிதான் என்று சொன்னால் மிகையாகாது. ஓர் அணிக்கு மரோடர் அந்த விளையாட்டின் உச்சம். மற்ற அணிக்கு அதன் மிகப் பெரிய பிழை. இரண்டு அணியிலும் திறமைசாலிகள் இருந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ‘விளையாடத் தெரியாதவர்களின் புலம்பல்’ என்று ஒதுக்கிவிட முடியாத சண்டை இது.

சண்டையின் வேர் நான்கு ஆண்டுகள் முன்னால் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் முதல் ‘டூம்’ விளையாட்டை வெளியிட்டது. துப்பாக்கி முனையிலிருந்து உலகத்தைப் பார்க்கும் விளையாட்டு வகையை வீடுவீடாகக் கொண்டுசென்றது அதுதான். 2016 மே மாதம் அதே பெயரில், அதே நிறுவனம், புதிதாக ஒரு ‘டூம்’ செய்தது. ஒளிந்து நின்று சுடுவதும், அடிபட்டால் ஓரமாகப் பதுங்கிக் காயம் ஆறக் காத்திருப்பதும் அந்தக் காலத்துத் துப்பாக்கி விளையாட்டுகளில் வழக்கமாகியிருந்தது. புதிய ‘டூம்’ பதுங்குவதையே தவறாக்கியது. தளர்ந்து தள்ளாடும் பேயை நெருங்கிக் கையாலேயே முடித்தால் உடலிலிருந்து உயிர்ச்சத்து சிதறி வரும். ‘குளோரி கில்’ என்பது அதற்குப் பெயர். அடிபட்டவன் பின்வாங்கக் கூடாது, முன்னேற வேண்டும். ஆட்டக்காரர்கள் கொண்டாடினார்கள்.

அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்தவர் அதைக் கீழே வைக்காமலேயே பெரும்பகுதி ஆட்டத்தைக் கடந்துவிட முடிந்தது. மிக் கோர்டனின் இசை அதிர, ஒரே ஆயுதத்தால் நரகத்தையே துடைத்தெடுக்கலாம். பலருக்கு அதுதான் ‘டூம்’.

அடுத்த பாகத்தின் இயக்குநர் ஹியூகோ மார்ட்டின், நிர்வாகத் தயாரிப்பாளர் மார்ட்டி ஸ்ட்ராட்டன். அந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் ‘எடர்னல்’ குழுவின் வேலையாக இருந்தது. ஆட்டக்காரர் முழுக் கவனத்தோடு, ஒவ்வொரு நொடியும் முடிவெடுத்துக்கொண்டு இருக்கும் நிலையை மார்ட்டின் ‘ஃபன் ஸோன்’ என்று பேட்டிகளில் சொல்லிவந்தார். அந்த நிலைக்கு ஆளைத் தள்ளக் குழு கையாண்ட வழி எளிமையானது: தோட்டாக்களைக் குறைத்தார்கள். பிடித்த துப்பாக்கியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வேட்டு இருக்கும். தீர்ந்ததும் வேறு துப்பாக்கிக்கு மாற வேண்டும். அதுவும் தீர்ந்தால் செயின்சாவை எடுத்து ஒரு சில்லறைப் பேயை இரண்டாக அறுக்க வேண்டும். அதன் உடலிலிருந்து தோட்டாக்கள் கொட்டும். ரம்பத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச எரிபொருள் சிறிது நேரத்தில் தானாகவே ஊறிவிடும். தோளில் பொருத்திய தீக்குழலால் பேய்களைப் பற்றவைத்துவிட்டுச் சுட்டால் கவசத் துண்டுகள் உதிரும். உயிர் வேண்டுமா, குளோரி கில். குண்டு வேண்டுமா, ரம்பம். கவசம் வேண்டுமா, நெருப்பு.

ஒரு மோதலைக் கிட்டத்தில் பார்த்தால் இது புரியும். அரங்கத்தின் நடுவில் ஆட்டக்காரர். தலைக்கு மேலே கேகோடீமன் என்ற ஒற்றைக்கண் பேய் பலூன் மாதிரி மிதந்து வருகிறது. வாயைத் திறக்கும் நேரம் பார்த்து உள்ளே ஒரு வெடிகுண்டை ஊட்டிவிட்டால் அது மயங்கித் தளரும், உடனே முடித்துவிடலாம். வலது பக்கம் சிலந்தி உடல் கொண்ட அராக்னோட்ரான் குண்டுமழை பொழிகிறது. அதன் முதுகுத் துப்பாக்கியை முதலில் உடைத்தால் பாதி ஆபத்து நீங்கும். அதற்குக் குறிபார்த்துச் சுடும் கனரகத் துப்பாக்கியோ ஒட்டுக்குண்டோ தேவை. இதற்குள் உயிர் இருபதுக்குக் கீழே இறங்கிவிட்டது. முடிக்கத் தயாராக ஒரு பேய் தள்ளாடுகிறது, ஆனால் அது அரங்கத்தின் மறுகோடியில். இரட்டைக் குழலின் கொக்கிச் சங்கிலியை இன்னொரு பேயின் மேல் வீசி, அந்த இழுப்பில் பறந்து, வழியிலேயே சுட்டு, இறங்கி, முடித்து, மறுபடி குதிக்க வேண்டும். எல்லாம் நான்கைந்து விநாடிக்குள். திண்ணையில் கட்டம் கீறி ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இந்த நெருக்கடி பழக்கமானது: புலிக்குப் பலம் உண்டு, ஆனால் அடுத்து எந்தப் புள்ளிக்கு நகர்வது என்று யோசிக்காத புலி ஆடுகளுக்கு நடுவில் அடைபட்டுப்போகும். இங்கே யோசிக்கக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம்தான்.

பிடித்தவர்கள் சொன்னது ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. முதல் சில மணி நேரம் எரிச்சல். எந்தப் பொத்தான் எதற்கு என்றே குழப்பம். பிறகு ஏதோ ஒரு மோதலில் விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கும். அதற்குப் பின் பழைய 2016 விளையாட்டைத் திறந்தால் அது மாட்டுவண்டி வேகத்தில் போவதாகத் தோன்றும். இவர்களில் பலர் ஆட்டத்தை முடித்ததும் கூடுதல் கடினத்தில் திரும்ப ஆரம்பித்தார்கள். இரட்டைக் குழலால் சுட்ட கையோடு பலிஸ்டா என்ற இன்னொரு ஆயுதத்துக்கு மாறிச் சுட்டு, மறுபடி இரட்டைக் குழலுக்கு வந்தால் இரண்டு சுடுதலுக்கு நடுவே உள்ள காத்திருப்பு மறைந்துவிடும் என்பதைக் கண்டுகொண்டார்கள். அப்படி ஆடுபவருக்கு மரோடரின் ஒரு பச்சை மின்னலே அவனைப் பாதி சாய்க்கப் போதும்.

பிடிக்காதவர்கள் சொன்னதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் ‘கடினம்’ என்ற ஒரு சொல்லுக்குள் அவர்கள் பல குறைகளைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். தொங்கும் கம்பிகளைப் பிடித்துத் தாவுவதும் சுவரில் ஏறுவதுமான இடங்கள் சிலருக்கு வேகத்தடை. காலைப் பிடித்து இழுக்கும் ஊதா நிறச் சேறு, குதிக்கவும் பாயவும் விடாமல், விளையாட்டு தந்த சுதந்திரத்தை விளையாட்டே பறிப்பதாகப் பட்டது. 2016இல் கதை சொல்ல வந்த திரையையே தூக்கி எறிந்த அதே நாயகனைச் சுற்றி இப்போது வம்ச வரலாறும் தேவலோக அரசியலும் பக்கம் பக்கமாக வந்து நின்றன. ஆனால் அடித்தளத்தில் இருந்த மனக்குறை ஒன்றுதான்: ‘என் இஷ்டப்படி விளையாட விடமாட்டேன் என்கிறது.’

இது நியாயமான குறை. மரோடரைக் கொல்ல ஒரு வழிதான் உண்டு என்றால், அந்த இடத்தில் ஆட்டக்காரர் செய்வது விடை கண்டுபிடிப்பதல்ல, ஏற்கெனவே எழுதிவைத்த விடையை ஒப்பிப்பது. கடின அளவைக் குறைத்துக்கொள்ளும் வசதி விளையாட்டில் இருக்கிறதுதான். எளிய நிலைக்கு இறங்கினால் அடி லேசாக விழும். பெரிய எதிரியிடம் திரும்பத் திரும்பத் தோற்பவருக்கு அடியைத் தாங்கும் சிறப்புக் கவசத்தையும் விளையாட்டே நீட்டுகிறது. ஆனாலும் மரோடரின் கேடயம் எந்த நிலையிலும் கேடயம்தான். எவ்வளவு அடி வாங்கலாம் என்பதைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், எவ்வளவு கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை முடியாது. இந்த வேறுபாட்டை அன்றைய விமர்சனங்களில் பல தவறவிட்டன. ‘கஷ்டமாக இருந்தால் ஈஸி மோடு வைத்துக்கொள்’ என்ற பதில் அதனால்தான் யாரையும் சமாதானப்படுத்தவில்லை.

விரல்களின் பாடும் சேர்ந்துகொண்டது. ஏழு துப்பாக்கிகள், அவற்றில் ஆறுக்கு இரண்டிரண்டு மாற்றுப் பொருத்திகள், இவை போகப் பெரும் ஆயுதங்கள் தனி. இரண்டு வகை வீச்சுக்குண்டு, தீக்குழல், ரம்பம், முட்டிக்குத்து, குதிப்பு, இரட்டைப் பாய்ச்சல். கீபோர்டும் மவுஸும் வைத்திருப்பவர் பொத்தான்களைத் தன் வசதிக்குப் பரப்பிக்கொள்ளலாம். கன்ட்ரோலர் பிடித்தவருக்கு விரல்கள் பத்தும் போதவில்லை. வயது ஏறியவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள், வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் ஆட உட்கார்பவர்கள் ஆகியோருக்கு ‘பழகினால் வந்துவிடும்’ என்பது பாதி உண்மைதான்.

ஆட்டக்காரர்களின் கருத்தை அளப்பது எப்படி என்ற கேள்வியும் இங்கே வருகிறது. ஸ்டீம் தளத்தில் வெளியான வார இறுதியில் ஒரே நேரத்தில் விளையாடியோர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2016 பாகம் அங்கே தொட்ட உச்சத்தைப்போல இரு மடங்குக்கு மேல். இதை வைத்துக் கடினம் மக்களுக்குப் பிடித்திருந்தது என்று முடிவுகட்ட முடியாது. கொரோனாவால் உலகம் வீட்டுக்குள் அடைபட்ட மாதம் அது. அதே மார்ச் 20 அன்றுதான் நிண்டெண்டோவின் ‘அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்’ என்ற, தீவில் செடி நட்டு மீன் பிடிக்கும் சாதுவான விளையாட்டும் வந்தது. இரண்டின் ரசிகர்களும் சண்டை போடாமல், அதன் நாய்க்குட்டிப் பாத்திரம் இசபெல்லையும் டூம் நாயகனையும் நண்பர்களாகப் படம் வரைந்து பகிர்ந்துகொண்டது அந்த இருண்ட வசந்தத்தின் இனிய நினைவுகளில் ஒன்று.

எதிர்மறைக் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மே மாதம் வந்த அப்டேட்டில் டெனூவோ என்ற மோசடித் தடுப்பு மென்பொருள் சேர்க்கப்பட்டது. கணினியின் அடிமட்டம் வரை கைநீட்டும் அந்த மென்பொருளுக்கு எதிராக ஆட்டக்காரர்கள் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பிக் குவித்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதை நீக்குவதாக அறிவிப்பு வந்தது. அதே மாதம் இசைத்தொகுப்பின் தரம் குறித்து நிறுவனத்துக்கும் மிக் கோர்டனுக்கும் இடையே பிளவு வெளிப்பட்டது. அந்தக் கோபமும் மதிப்பீடுகளில் இறங்கியது. கட்டைவிரல் எண்ணிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மரோடரைப் பற்றித் தீர்ப்பு எழுதுபவர், மூன்று வெவ்வேறு வழக்குகளை ஒரே கட்டில் போட்டுப் படிக்கிறார்.

இத்தனை வாக்குவாதத்தில் எது அதிகம் அடிபடவில்லை என்று பார்த்தால் வியப்பு வரும். வன்முறை. பேய்களின் சதை அடுக்கடுக்காகப் பிய்ந்து எலும்பு தெரிவதை இந்த விளையாட்டு பெருமையாகவே காட்டுகிறது. ஆனால் அதை விளையாடியவர்கள் சண்டை போட்டது ரத்தத்தின் அளவைப் பற்றியல்ல, தோட்டாக்களின் அளவைப் பற்றி.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. முதல் ‘டூம்’ வெளிவந்த அதே 1993 டிசம்பரில், ஒரு நாள் முன்பாக, அமெரிக்க செனட்டில் வீடியோ கேம் வன்முறை குறித்த விசாரணை நடந்தது. செனட்டர் ஜோ லீபர்மன் முன்னின்று நடத்திய அதில் ‘மார்ட்டல் காம்பட்’, ‘நைட் ட்ராப்’ ஆகியவை கூண்டில் நின்றன. அதன் விளைவாக 1994இல் வயதுத் தரக்குறியீடு வழங்கும் ஈஎஸ்ஆர்பி அமைப்பு உருவானது. ஜெர்மனி 1994இல் ‘டூம்’ விளையாட்டை இளைஞருக்குத் தீங்கானவை பட்டியலில் சேர்த்து 2011 வரை வைத்திருந்தது. 1999இல் கொலம்பைன் பள்ளியில் சக மாணவர்களைச் சுட்டுக்கொன்ற இருவரும் ‘டூம்’ ஆடியவர்கள் என்ற செய்தி அந்தப் பெயரின் மேல் பல ஆண்டுகள் நிழலாகப் படிந்தது. 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வன்முறை விளையாட்டுகளைச் சிறுவருக்கு விற்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை 7-2 என்ற கணக்கில் செல்லாது என்றது.

‘எடர்னல்’ வெளியாவதற்குப் பதினேழு நாள் முன்பு, 2020 மார்ச் 3 அன்று, அமெரிக்க உளவியல் சங்கம் இந்த விவகாரத்தில் தன் தீர்மானத்தைத் திருத்தி வெளியிட்டது. வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டு நடத்தைக்கும் சிறிய அளவில், ஆனால் நம்பத்தக்க தொடர்பு இருக்கிறது. கொலை போன்ற வன்செயல்களுக்கு அவைதான் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. சிக்கலான சமூகப் பிரச்சினையின் பழியை விளையாட்டுகள் மீது போடுவது சரியல்ல என்றது. இரண்டு பக்கத்தாரும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதுண்டு. இரண்டு பாதியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

டூம் விவாதத்துக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பிரஸிபில்ஸ்கி, ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ரயன் முதலியோர் செய்தது. விளையாடியவருக்குக் கோபம் வருவது ரத்தத்தைப் பார்ப்பதாலா, இல்லை தோற்றுத் தோற்று, கை வராமல் போவதாலா என்று பிரித்துப் பார்த்தார்கள். ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டை மாற்றி, சுடப்பட்டவர் சாவதற்குப் பதிலாக மறைந்துபோகும்படி ஒரு வன்முறையற்ற வடிவம் செய்தார்கள். சிலருக்கு முன்கூட்டியே கட்டுப்பாடுகளைப் பழக்கினார்கள், சிலரை நேராக ஆட்டத்தில் இறக்கிவிட்டார்கள். பழக்கப்படாதவர்களிடம் முரட்டு உணர்வு கூடியது; ரத்தம் இருந்ததா இல்லையா என்பது அந்த அளவுக்குக் கணக்கில் வரவில்லை.

இன்னொரு சோதனையில் வன்முறை என்ற பேச்சுக்கே இடமில்லாத ‘டெட்ரிஸ்’ விளையாட்டை எடுத்தார்கள். பங்கேற்பவர் முதலில் பனிக்குளிர்ந்த நீரில் 25 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை முடிவு செய்தவர் முன்னால் வந்துபோன இன்னொரு பங்கேற்பாளர் என்று அவரிடம் சொல்லப்படும். பிறகு ஒரு சாராருக்குச் சாதாரண டெட்ரிஸ், மற்றவருக்கு எந்தக் கட்டமும் பொருந்தி வராதபடி கெடுத்த டெட்ரிஸ். முடிந்ததும், அடுத்து வருபவர் எத்தனை விநாடி கையை வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். கெடுத்த டெட்ரிஸ் ஆடியவர்கள் சராசரியாகப் பத்து விநாடி கூடுதலாக விதித்தார்கள். கட்டம் பொருந்தாத ஆத்திரத்தை முகம் தெரியாத ஒருவரின் கைமேல் இறக்கினார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ‘எடர்னல்’ விளையாட்டுக்குத் திரும்பினால் சில விஷயங்கள் துலங்கும். ஒவ்வொரு புதுப் பேய் வரும்போதும் ஆட்டத்தை உறையவைத்து, ‘இதன் பலவீனம் இங்கே, இந்த ஆயுதத்தால் அடி’ என்று ஒரு அறிவிப்புப் பலகை திரையை மறைக்கும். பலர் இதை வெறுத்தார்கள். அமைப்பில் போய் அணைத்துவைத்தார்கள். கண்டுபிடிக்கும் இன்பத்தைக் கெடுக்கிறது என்பது அவர்கள் வாதம். ஆனால் பலகை இல்லாமல் மரோடர் முன் நிற்பவர் கிட்டத்தட்ட அந்தக் கெடுத்த டெட்ரிஸ் ஆடுபவர்தான். சொல்லிக்கொடுத்தால் சுதந்திரம் போகிறது, சொல்லாவிட்டால் ஆத்திரம் வருகிறது. வடிவமைப்பாளர்கள் இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டு பலகையைத் தேர்ந்தெடுத்தார்கள். அது அழகான தீர்வு அல்ல, ஆனால் அக்கறையிலிருந்து வந்த தீர்வு.

வன்முறை ஏன் விவாதப்பொருள் ஆகவில்லை என்பதும் இதிலேயே விளங்கும். இந்த விளையாட்டில் பேயை அறுப்பது கடைக்குப் போய்த் தோட்டா வாங்குவதற்குச் சமம். முதல் சில தடவை கண் அந்தக் கோரத்தைப் பார்க்கிறது. நூறாவது தடவை கண்ணில் படுவது சிதறும் பொருள்களின் நிறம் மட்டும்: உயிருக்கு ஒன்று, கவசத்துக்கு ஒன்று, தோட்டாவுக்கு ஒன்று. இது நல்லதா என்ற கேள்வி தனி. வன்முறை இவ்வளவு சீக்கிரம் வரவு செலவுக் கணக்காக மாறிவிடுவது கொஞ்சம் யோசிக்கவைக்கத்தான் செய்கிறது. ஆட்டக்காரர்கள் மரத்துப்போனதால் ரத்தத்தைப் பற்றிப் பேசவில்லை என்று சொல்வதைவிட, அவர்கள் உண்மையில் எதைச் செய்துகொண்டிருந்தார்களோ அதைப் பற்றியே பேசினார்கள் என்பது பொருத்தம்.

2020 அக்டோபரில் ‘தி ஏன்ஷியன்ட் காட்ஸ்’ என்ற கூடுதல் பாகத்தின் முதற்பகுதி வந்தபோது சண்டை மறுபடி மூண்டது. முதன்மை ஆட்டத்தை முடித்துத் தேர்ந்தவருக்கென்றே செய்தது அது. எடுத்த எடுப்பிலேயே உச்சகட்ட மோதல்கள். ஸ்பிரிட் என்ற ஆவி பிற பேய்களுக்குள் புகுந்து அவற்றை வெறிகொள்ள வைக்கும். அந்தப் பேய் செத்ததும் ஆவி வெளியே வரும். அதைப் பிளாஸ்மா துப்பாக்கியின் ஒரே ஒரு பொருத்தியால்தான் அழிக்க முடியும். அதைப் பிடித்திருக்கும்போது நடை தளர்ந்து, சுற்றியுள்ளவற்றுக்கு ஆட்டக்காரரே இலக்காகிவிடுவார். மரோடரை ஏற்றுக்கொண்டவர்களில் சிலர்கூட இங்கே முகம் சுளித்தார்கள். பின்னால் வந்த திருத்தங்களில் சில மோதல்களின் கடுமை தணிந்தது. 2021 மார்ச்சில் வந்த இரண்டாம் பகுதி சற்று இளகியிருந்தது. உடனே தேர்ந்தவர்கள் பக்கத்திலிருந்து ‘ஏன் இளக்கினீர்கள்’ என்ற குரல் கிளம்பியது. அவர்களுக்காகவே அந்த ஆண்டு அக்டோபரில் அலை அலையாகப் பேய்களை அனுப்பும் ஹோர்ட் மோடு சேர்க்கப்பட்டது.

2025 மே 15 அன்று வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ இந்த ஐந்தாண்டுச் சண்டையைக் காதில் வாங்கிக்கொண்டு செய்தது போலவே இருக்கிறது. பறந்து திரிந்த நாயகன் இப்போது கனத்த கேடயத்தோடு தரையில் ஊன்றி நிற்கிறான். பொத்தான்கள் குறைந்தன. ஆட்டத்தின் வேகம், நாயகன் வாங்கும் அடி, எதிரிகளின் மூர்க்கம் ஆகியவற்றை ஆட்டக்காரரே தனித்தனியாக ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ‘எடர்னல்’ பைத்தியங்களில் ஒரு சாரார் இதை மந்தமென்று சொல்லிப் பழைய ஆட்டத்துக்கே திரும்பினார்கள். ‘எடர்னல்’ ஆட்டத்தைப் பாதியில் விட்டவர்களில் சிலர் இதை முடித்தார்கள்.

புதிய ஆட்டத்தில் பேய்கள் வீசும் தாக்குதல்களில் சில மட்டும் பச்சை நிறத்தில் வரும். அந்தப் பச்சை நெருங்கும் கணத்தில் கேடயத்தை உயர்த்தினால் அது வீசியவனுக்கே திரும்பிப் போகும். மரோடரின் கண்ணில் மின்னியபோது பாதிப் பேர் சபித்த அதே பச்சை, இப்போது விளையாட்டு முழுவதும் பரவி அதன் அடிப்படைப் பாடமாகிவிட்டது. ஒரே ஒரு மாற்றம். அமைப்புப் பக்கத்தில் நகர்த்துகோல் ஒன்று இருக்கிறது. அந்தக் கணம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதை விளையாடுபவரே தள்ளி வைத்துக்கொள்ளலாம்.